சுமந்து சென்றவர்களின் நாடு



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் பங்கு இல்லத்துத் திண்ணையில் நமக்காகக் காத்திருந்தனர். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர்களுடைய ஒரே மகள் இங்கிலாந்து நாட்டின் வடகிழக்கே, நியூகாசில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணி புரிகிறாள். பேரப்பிள்ளைகள் இருவர், இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். வரும் கோடையில் மூன்று மாதம் மகளோடு தங்கி வரப் பயணச்சீட்டும் வாங்கியாயிற்று.

"சாமி, முன்பு ஒருமுறை போயிருந்தோம். லண்டனில் நான்கு நாள் சுற்றினோம். மற்ற நாளெல்லாம் மகள் வீட்டுச் சன்னல் பக்கம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் பழைய நிலக்கரிச் சுரங்கம் என்கிறார்கள். சாமி அங்கே இருந்து வந்தவர்களாயிற்றே, உண்மைதானா?" என்று ஆசிரியர் கேட்டார்.

அம்மையார் அதுவரை பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "பேரன் தொலைபேசியில் எங்களோடு பேச மாட்டேன் என்கிறான், சாமி. நாங்கள் சொல்வது அவனுக்குப் புரிவதில்லை. அவன் சொல்வது எனக்குப் புரிவதில்லை. மூன்று மாதம் போய் இருந்து, அவனுக்கு நாங்கள் எதைக் கொடுத்துவிட்டு வரப்போகிறோம்?"

ஆசிரியரின் கேள்விக்கு அன்றே ஒருவாறு விடை கூறிவிட்டோம். அம்மையாரின் கேள்விக்கு விடை உடனே வாயில் வரவில்லை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே இம்மாதம் எழுதுகிறோம். கடல் கடந்த பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று பலர் அல்லவா?

புதுக்கோட்டை என்னும் நியூகாசில்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், அப்பகுதியில் விடுமுறைக்குச் சென்ற பங்குத் தந்தை ஒருவருக்குப் பதிலாக ஆறு வாரம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அப்பங்கில் ஒரு முதியவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். திங்கட்கிழமைதோறும் தம் பழைய காரில் நம்மை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார். நாம் கண்டதெல்லாம் பெரும்பாலும் அவர் காட்டியதே.

இங்கிலாந்தின் வரைபடத்தில் வலப்பக்க மேல் மூலையில், ஸ்காட்லாந்தைத் தொட்டுக்கொண்டு வட கடலை நோக்கிக் கிடக்கிறது இந்நிலம். வடக்கே நார்தம்பர்லாண்ட், தெற்கே டர்ஹாம், இடையே டைன், வியர் என்னும் இரு ஆறுகளின் முகத்துவாரத்து நகரங்கள். லண்டனில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் இரயில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் நியூகாசில் சேரலாம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் கடற்காற்று கோடையிலும் குளிரும். கம்பளிச் சட்டையின்றி வெளியே கிளம்ப வேண்டாம்.

நியூகாசில் என்ற பெயரைத் தமிழாக்கினால் புதுக்கோட்டை. 1080இல் டைன் ஆற்றின் மேட்டில் நார்மானியர் கட்டிய புதிய கோட்டையால் வந்த பெயர் அது. ஆற்றின் கரையில் நின்று பாலங்களை எண்ணிப் பார்ப்பதே அங்கு ஒரு பொழுதுபோக்கு. இரயிலும் வண்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் 1849ஆம் ஆண்டுப் பாலம். வில்போல் வளைந்த 1928ஆம் ஆண்டுப் பாலம். கப்பல் வரும்போது முழுவதுமாகச் சாய்ந்து வழிவிடும் 2001ஆம் ஆண்டு நடைபாலம். இரயில் வண்டிக்கும் இது தாய்நாடு. ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1781இல் பிறந்த வைலம் சிற்றூர் நியூகாசிலுக்கு மேற்கே அருகில்தான் உள்ளது. 1825 செப்டம்பர் 27ஆம் நாள் ஸ்டாக்டன், டார்லிங்டன் ஊர்களை இணைத்த இருப்புப் பாதையில் அவர் ஓட்டிய நீராவி வண்டியே பொது இரயில் போக்குவரத்துக்கு வழி திறந்தது. பழைய இரயில் வண்டிகளை ஷில்டன் என்னும் ஊரிலுள்ள காட்சியகத்தில் காணலாம். பேரன் பேத்திகளுக்கு அது ஒரு நாள் கொண்டாட்டம்.

நகரத்தின் நடுவில் இரயில் நிலையத்துக்கு எதிரேயே நம் கத்தோலிக்கப் பேராலயமாகிய புனித மரியன்னை ஆலயம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் பியூஜின் வரைந்து 1844இல் திறக்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராயிருந்த கர்தினால் பசில் ஹியூம் 1923இல் பிறந்தது இந்நகரத்தில்தான். ஆலயத்தின் அருகில் அவருடைய சிலை இருக்கிறது.

மதிலோரத்து மனிதர்கள்

கி.பி. 122இல் பிரிட்டன் தீவுக்கு வந்த உரோமைப் பேரரசர் ஹேட்ரியன், தம் ஆட்சியின் வட எல்லையில் கடலுக்குக் கடல் ஒரு மதில் எழுப்பக் கட்டளையிட்டார். 117 கிலோமீட்டர் நீளம். குன்றின் முதுகில் ஏறி இறங்கிச் செல்லும் அம்மதிலின் எஞ்சிய பகுதியை ஹவுஸ்ஸ்டெட்ஸ் என்னும் இடத்தில் நன்கு காணலாம். கோடைக்காலத்தில் மதிலோரமாக ஒரு பேருந்து ஓடுகிறது. அதன் எண்ணும் கி.பி. 122 என்பதே! மதிலருகே ஒரு பள்ளத்தில் தனித்து நின்ற பெரிய மரம் ஒன்று உலகப் புகழ் பெற்றிருந்தது. 2023 செப்டம்பரில் ஓர் இரவு இருவர் அதை வாளால் அறுத்து வீழ்த்தினர். ஊரே அழுதது. மறு ஆண்டு அடிமரத்தில் புதிய தளிர்கள் தோன்றின.

மதிலைவிட நம் உள்ளத்தைத் தொட்டவை இரண்டு சிறு பொருள்கள். விண்டோலாண்டா என்னும் உரோமைப் பாசறையின் ஈர மண்ணில், 1973 முதல், அஞ்சலட்டை அளவுள்ள மெல்லிய மரத் தகடுகள் கிடைத்து வருகின்றன. மையால் எழுதிய கடிதங்கள் அவற்றுள் பல. ஏறத்தாழ கி.பி. 100இல், படைத்தலைவர் ஒருவரின் மனைவி கிளாடியா செவெரா, தன் பிறந்த நாளுக்கு வரும்படி தோழியை அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுத, முடிவில் சில சொற்களைத் தன் கையாலேயே சேர்க்கிறாள். பெண் ஒருத்தி தன் கைப்பட எழுதிய இலத்தீன் எழுத்துகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் அது ஒன்று. வேறொரு கடிதம் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதைக் கூறுகிறது. பிள்ளைக்குக் கம்பளி அனுப்பும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று!

மற்றொன்று, டைன் ஆறு கடலில் கலக்குமிடத்து சவுத் ஷீல்ட்ஸ் நகரில் உரோமைக் கோட்டையின் காட்சியகத்தில் உள்ள ஒரு கல்லறைக் கல். சிரியா நாட்டுப் பல்மீரா நகரத்திலிருந்து அவ்வளவு தொலைவு வந்து சேர்ந்த பராட்டஸ் என்பவன், இறந்துபோன தன் மனைவி ரெஜினாவுக்காக எழுப்பியது. அவள் அந்நாட்டுப் பெண். ஊரார் படிப்பதற்காக இலத்தீன் மொழியில் வேண்டியதெல்லாம் வெட்டுவித்தான். பிறகு, அந்த ஊரில் ஒருவேளை அவன் ஒருவனே படிக்கக்கூடிய தன் தாய்மொழியில், அடியில் ஒரே ஒரு வரி. அவள் பெயரைச் சொல்லி ஐயோ என்று அழும் வரி. உத்தியோகமும் வாழ்வும் எந்த மொழியில் இருந்தாலும், அழுகைக்கு ஒருவன் எந்த மொழிக்குத் திரும்புகிறான் என்பதை அக்கல் சொல்கிறது. ஆசிரியரே, பேரனோடு அதன் முன் சிறிது நேரம் நில்லுங்கள்.

கடல் மூடும் தீவு

நார்தம்பர்லாண்ட் கரையில் லிண்டிஸ்பார்ன் என்னும் தீவு உள்ளது. மக்கள் அதைப் புனிதத் தீவு என்றே அழைக்கின்றனர். கரையிலிருந்து தீவுக்குத் தாழ்வான சாலை ஒன்று செல்கிறது. நாளுக்கு இருமுறை கடல் ஏறி அதை மூடிவிடும். வற்றிய பின்னரே வழி. பழைய காலத்துத் திருப்பயணிகள் மணலில் நடந்து சென்ற பாதையில் இன்றும் கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. நீரில் அகப்பட்டவர் ஏறித் தப்பக் கால்கள் மேல் நிற்கும் கூண்டுகளும் உண்டு. ஏற்ற இறக்க நேரங்களின் அட்டவணையைப் பாராமல் எவரும் போகலாகாது.

இதை நாம் அனுபவத்தால் எழுதுகிறோம். பிற்பகல் இந்த நேரத்துக்குள் காருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முதியவர் தெளிவாகக் கூறியிருந்தார். நாமோ பழைய மடத்தின் இடிந்த வளைவுகளிடையே நேரம் மறந்து நின்றுவிட்டோம். திரும்பி வந்தபோது சாலை இல்லை, கடல் இருந்தது. முதியவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, "எய்டனும் இப்படிக் காத்திருந்திருப்பார், ஃபாதர்" என்றார். பொழுது சாய்ந்து நீர் வற்றும்வரை எய்டனின் வரலாற்றை அவர் சொல்ல நாம் கேட்டோம்.

635இல் அரசர் ஆஸ்வால்டின் அழைப்பை ஏற்று, அயோனா தீவிலிருந்து இங்கு வந்தார் ஐரிஷ் துறவி எய்டன். அவருக்கு ஆங்கிலர் மொழி சரிவரத் தெரியாது. அரசரோ இளமையில் நாடு கடந்து ஐரிஷ் துறவியரிடையே வளர்ந்தவர். இரு மொழியும் அறிந்தவர். எனவே ஆயர் மறையுரை ஆற்ற, அரசரே அருகில் நின்று தம் படைத்தலைவர்களுக்கு மொழிபெயர்த்தார். முடிசூடிய மன்னர் ஓர் அந்நியருக்கு நாவாக நின்றார்! இதனை எழுதி வைத்தவர் புனித பீட். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம். எய்டன் எங்கும் நடந்தே சென்றார். ஆஸ்வின் என்னும் மற்றோர் அரசர் கொடுத்த உயர்ந்த குதிரையையும் வழியில் கண்ட ஏழைக்குக் கொடுத்துவிட்டார். அரசர் வருந்தியபோது, குதிரைக் குட்டியா, கடவுளின் பிள்ளையா, எது உமக்குப் பெரிது என்னும் பொருள்பட அவர் கேட்டாராம்.

தீவுக்குத் தெற்கே, கடலோரப் பாறைமேல் பாம்பரோ கோட்டை நிற்கிறது. அவ்வூர் ஆலயத்தில்தான் 651இல் எய்டன் மரித்தார். அதே ஆலய முற்றத்தில் கிரேஸ் டார்லிங் என்னும் பெண்ணின் கல்லறையும் உள்ளது. கலங்கரை விளக்கக் காவலரின் மகள். 1838 செப்டம்பர் 7ஆம் நாள் புயலில், தந்தையோடு துடுப்புப் படகில் சென்று, உடைந்த கப்பலில் தப்பியிருந்தோரை மீட்டாள். நான்கே ஆண்டில், 26 வயதில், காச நோயால் இறந்தாள். எதிரே கடலில் தெரியும் பார்ன் தீவுகளுக்குக் கோடையில் படகு செல்கிறது. பறவைக் கூட்டங்களைக் கண்டு பிள்ளைகள் கூச்சலிடுவார்கள்.

ஆறு துறவியர், ஒரு பேழை

அப்பார்ன் தீவுகளுள் ஒன்றில்தான் லிண்டிஸ்பார்னின் ஆயரான புனித கத்பர்ட் தனித் தவம் செய்து 687இல் உயிர் துறந்தார். பதினோர் ஆண்டுக்குப் பின் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருக்கக் கண்டனர் என்பது வரலாறு. அவர் நினைவாகவே ஆயர் ஈட்பிரித் தம் கையால் எழுதி ஓவியம் தீட்டிய நற்செய்தி நூல் உருவாயிற்று என்பர். லிண்டிஸ்பார்ன் நற்செய்திகள் என்னும் அந்நூல் இன்று லண்டன் நூலகத்தில் உள்ளது.

793இல் வைக்கிங் கொள்ளையர் தீவைத் தாக்கினர். தொல்லை தொடர்ந்தது. 875இல் துறவியர் தீவை விட்டு வெளியேறினர். எடுத்துச் சென்றவை யாவை? கத்பர்ட்டின் உடல் கிடந்த பேழை, அதனுள்ளேயே மன்னர் ஆஸ்வால்டின் தலை, நற்செய்தி நூல். ஏறத்தாழ ஏழு ஆண்டு ஊர் ஊராக அலைந்தனர். 883இல் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்னும் ஊரில் தங்கினர். நூறு ஆண்டுக்கு மேல் அங்கிருந்தனர். அங்கேதான் ஆல்ட்ரெட் என்னும் குரு, நற்செய்தி நூலின் இலத்தீன் வரிகளுக்கிடையே பொடி எழுத்தில் மக்களின் மொழியில் பொருள் எழுதினார். இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆங்கில நற்செய்தி அதுவே. பின்னர் மீண்டும் இடம் பெயர்ந்து, 995இல் டர்ஹாம் குன்றை அடைந்தனர்.

இந்தப் பயணத்தைப் பென்விக் லாசன் என்னும் சிற்பி மரத்தில் செதுக்கியிருக்கிறார்: ஆறு துறவியர் ஒரு பேழையைத் தோளில் தாங்கி நடக்கின்றனர். மரச் சிற்பம் லிண்டிஸ்பார்ன் ஆலயத்தில் உள்ளது. அதன் வெண்கல வடிவம் டர்ஹாம் நகரச் சதுக்கத்தில் உள்ளது. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதையும் பார்க்க வேண்டும். சுமந்து சென்ற தொலைவு அப்போதுதான் தெரியும்.

டர்ஹாமில் வியர் ஆறு ஒரு குன்றைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. குன்றின் உச்சியில் பேராலயம். 1093இல் தொடங்கி நாற்பது ஆண்டில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. உள்ளே நுழைந்தால் முதிர்ந்த ஆலமரத் தோப்பில் நிற்பது போன்ற உணர்வு. தூண்களின் பருமன் அத்தகையது. கூரையைக் கல் விலாக்கள் தாங்கும் முறை ஐரோப்பாவில் இவ்வளவு பெரிதாக முதன்முதல் கையாளப்பட்ட இடங்களுள் இது தலையாயது. 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பேராலயத்துக் காட்சியகத்தில் அந்த ஓக் மரப் பேழையின் துண்டுகளையும் கத்பர்ட்டின் பொற்சிலுவையையும் காணலாம்.

எட்டாம் ஹென்றியின் ஆட்கள் அவருடைய பொன்வேய்ந்த கல்லறையை உடைத்தனர். 1539இன் கடைசி நாளில் மடம் மூடப்பட்டது. இன்று பலிபீடத்தின் பின்னே வெறும் கற்பலகை. மேலே பெயர் மட்டும். இப்பேராலயம் இப்போது ஆங்கிலிக்கன் சபையாருடையது. நாம் அங்கே முழங்காலிட்டபோது எவரும் தடுக்கவில்லை. அருகில் ஓர் ஆங்கிலிக்கன் மூதாட்டியும் முழங்காலிட்டிருந்தார்.

இரண்டு குரல்கள்

நியூகாசிலிலிருந்து நகர இரயிலில் ஜாரோவுக்குச் செல்லுங்கள். அவ்வழியில் ஒரு நிலையத்தின் பெயரே "பீட்". அங்கே புனித பவுல் ஆலயத்தில், 685 ஏப்ரல் 23ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்டதைக் கூறும் கல் இன்றும் சுவரில் உள்ளது. இங்கிலாந்தின் ஆலய அர்ச்சிப்புக் கற்களில் அதற்கு மூத்தது இல்லை.

ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட மறு ஆண்டே கொள்ளைநோய் வந்தது. மடத்தில் திருப்பாடல்களைப் பாடத் தெரிந்தோர் அனைவரும் மாண்டனர். மடத்தலைவர் செயோல்பிரித்தும் ஒரு சிறுவனும் மட்டுமே எஞ்சினர். தலைவர் துயரத்தில் வழிபாட்டைச் சிறிது சுருக்கினார். ஒரு வாரம் சென்றது; மனம் பொறுக்கவில்லை. இருவருமாகவே முழுமையாகப் பாடத் தொடங்கினர். புதியவர் பயிலும்வரை விடாது பாடினர். அச்சிறுவன் பீட் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். ஏழு வயதில் மடத்தில் விடப்பட்ட பீட், 731இல் ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்தார். கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டைக் கணக்கிடும் வழக்கம் பரவியதற்கு அவர் நூல்கள் பெருங்காரணம். 735இல் சாகும் தறுவாயிலும் யோவான் நற்செய்தியைத் தம் தாய்மொழியில் பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். 1899இல் திருத்தந்தை 13ஆம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். அவர் எலும்புகள் டர்ஹாம் பேராலயத்தில் உள்ளன.

செயோல்பிரித்தின் முடிவு வேறு விதம். மடத்தில் எழுதிய முழு விவிலியப் படிகள் மூன்று. ஒவ்வொன்றும் பெரும் பளு. அவற்றுள் ஒன்றைத் திருத்தந்தைக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு, முதுமையில், 716இல் உரோமைக்குப் புறப்பட்டார். பிரான்சில் லாங்கர் நகரத்தில் வழியிலேயே இறந்தார். உடன் சென்றோர் நூலை மேலும் சுமந்து சென்றனர். பிற்காலத்தில் யாரோ முதல் ஏட்டில் அவர் பெயரை அழித்து வேறு பெயர் எழுதிவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உண்மை வெளிப்பட்டது. இன்று பிளாரன்ஸ் நகரில் உள்ள அந்நூலே, முழுமையாகக் கிடைத்துள்ள இலத்தீன் விவிலியங்களில் மிகப் பழையது.

இதே ஜாரோவிலிருந்து 1936 அக்டோபர் 5ஆம் நாள் மற்றொரு சுமை புறப்பட்டது. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு ஊரில் பெரும்பாலோர் வேலையிழந்த காலம். இருநூறு பேர், 11,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை ஓக் மரப் பெட்டியில் வைத்து, 450 கிலோமீட்டர் நடந்து மாத இறுதியில் லண்டன் சேர்ந்தனர். மனு பாராளுமன்றத்தில் அளிக்கப்பட்டது, வேலை கிடைக்கவில்லை. இரயிலில் ஊர் திரும்பினர். ஆயினும் அந்நாட்டுத் தொழிலாளர் இன்றும் அந்நடையை மறக்கவில்லை.

கொடிகளின் நாள்

ஆசிரியரே, ஜூலை இரண்டாம் சனிக்கிழமை டர்ஹாமில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிலக்கரித் தொழிலாளரின் பெருவிழா அன்று. 1871இல் தொடங்கியது. சிற்றூர் ஒவ்வொன்றும் தன் சங்கத்தின் பட்டுக் கொடியை, ஓவியம் தீட்டிய பெருங்கொடியை, வாத்தியக் குழு முன்செல்லத் தாங்கி வரும். பிற்பகலில் சில கொடிகள் பேராலயத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டு ஆசி பெறும். அவ்வாண்டு சுரங்கத்தில் உயிர்ப்பலி நேர்ந்த ஊரின் கொடியில் கறுப்புத் துணி கட்டுவது வழக்கம். ஈசிங்டன் என்னும் ஊரில் 1951இல் ஒரே வெடிவிபத்தில் 83 பேர் மாண்டனர்.

டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று சண்டர்லாண்ட் நகரத்துக் கால்பந்து அரங்கம் நிற்கிறது. சுரங்கமே இல்லாதபோது கொடி எதற்கு என்று முதியவரிடம் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "சுரங்கம் ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை, ஃபாதர். கொடிதான் எங்களுடையது" என்றார். சுரங்கத்தார் வாழ்க்கையைப் பிள்ளைகள் கண்டறிய, டர்ஹாமுக்கு அருகில் பீமிஷ் என்னும் திறந்தவெளிக் காட்சியகம் உண்டு. பழைய டிராம் வண்டியில் ஏறி, பழைய பள்ளிக்கூடத்துப் பலகையில் அமர்ந்து வரலாம்.

டர்ஹாமுக்கு மேற்கே அஷா என்னும் இடத்தில் ஒரு பெரிய குருமடம் உண்டு. கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்ட காலத்தில், ஆங்கில இளைஞர் கடல் கடந்து பிரான்சு நாட்டு எல்லையிலுள்ள டூவேயில் குருத்துவம் பயின்றனர். 1568இல் தொடங்கிய அக்கல்லூரியிலிருந்து திரும்பி வந்து மறைசாட்சியராக மாண்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர். பிரெஞ்சுப் புரட்சியில் அதுவும் மூடப்பட, அம்மரபு 1808இல் அஷாவில் குடியேறியது. 2011இல், பயில வருவோர் குறைந்து, அதுவும் மூடப்பட்டது. இப்போது பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. தாழ்வாரத்தில் நடந்தபோது, நாம் பயின்ற குருமடத்தின் விடியற்கால மணியோசை காதில் கேட்பது போலிருந்தது. மனம் கனத்தது உண்மை. நூலகமும் சிற்றாலயமும் காக்கப்படுகின்றன என்பதே ஆறுதல்.

அம்மையாருக்கு

இனி, அம்மையாரின் கேள்வி. இந்நாட்டில் நாம் கண்டதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறோம். மடங்கள் எரிந்தன, கல்லறை உடைந்தது, கப்பல் தளமும் சுரங்கமும் குருமடமும் மூடப்பட்டன. தங்கியிருந்தவை, யாரோ சிலர் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தவையே. அவர்களும் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லவில்லை, ஒன்றையோ இரண்டையோ எடுத்துச் சென்றனர், அவற்றைக் கைவிடவில்லை.

எனவே பேரனுக்குத் தமிழ் முழுவதையும் மூன்று மாதத்தில் ஊட்ட முயல வேண்டாம். தெரியவில்லையே என்று மகளைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். இரவுப் பணி முடிந்து வீடு திரும்புகிறவள் அவள். அந்த நாடு பேரனுடைய நாடு. அதை அவன் உங்களுக்குக் காட்டட்டும். லிண்டிஸ்பார்னில் பலகைகளில் எழுதியிருப்பதை அவனைப் படிக்கச் சொல்லி, உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பாதி புரியும், பாதி புரியாது. அப்போது, மொழி தெரியாத எய்டனுக்கு மன்னரே நாவாக நின்ற வரலாற்றை மகள் வாயிலாக அவனுக்குச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்பது சிறுமையன்று, மன்னர் செய்த வேலை என்று அவன் அறியட்டும். பேச மாட்டேன் என்ற பிள்ளை பேசத் தொடங்குவான் என்று நம்புகிறோம்.

இரவில் உறங்கப் போகுமுன், ஒரே ஒரு செபம். "அருள் நிறைந்த மரியே" போதும். அதை ஒவ்வோர் இரவும் அவனோடு சேர்ந்து தமிழில் சொல்லுங்கள். முதல் வாரம் உங்கள் குரல் மட்டுமே கேட்கும். பொறுத்திருங்கள். ஜாரோவில் ஒரு மடத்தலைவரும் ஒரு சிறுவனும் சேர்ந்துதான் ஒரு மடத்தின் வழிபாட்டை அணையாமல் காத்தனர். நீங்கள் திரும்பி வந்த பின்னும், தொலைபேசியில் இரவுதோறும் அந்த ஒரு செபத்தை இரு குரலும் சேர்ந்து சொல்ல முடியுமானால், கொடுத்துவிட்டு வர வேண்டியதைக் கொடுத்தாயிற்று.

கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். தீவுக்குப் போகும் நாளில் கடல் ஏற்றத்தின் அட்டவணையை இருமுறை பாருங்கள். டர்ஹாமில் அந்தக் கற்பலகையின் முன் நம் பங்குக்காகவும் ஒரு நிமிடம் முழங்காலிடுங்கள்.

சுகமாய்ச் சென்று வாருங்கள்.